வெள்ளி என்று ஒருவர்

பெரிய ஆள் ஒருவரின் காரியதரிசியாக இருப்பது, கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் விடுகிற வேலை மாதிரி. உள்ளே விட்டவன் நன்றி சொல்லமாட்டான், வாசலில் நிற்பாட்டி வைத்தவன் சாகும்வரை மறக்கமாட்டான். டாக்டரின் ரிசப்ஷனில் இருக்கிறவர்கள், பள்ளிக்கூட ஒபிசில் இருக்கிறவர்கள், யாரோ ஒரு பெரியவரின் கதவுக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்து ஏச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் ஒக்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்த மேசையில் இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் வீட்டு மோட்கேஜ் கடன் இருக்கிறது. துணைவேந்தரின் காரியதரிசி நான். பெயரில்தான் 'துணை', உண்மையில் இடத்துக்கு அவர்தான் எசமான். பல பேரைப் பார்த்துவிட்டேன். இங்கே எழுதப்போவது அதில் ஒருவரைப் பற்றி. வட இங்கிலாந்துக்காரி, சரித்திரப் பேராசிரியர், பெயர் ஜூன். இந்த நாட்டில் துணைவேந்தரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். ஆனால் படிப்பிலும் வயதிலும் மூத்த ஒரு மனிசியை ஜூன், ஜூலை என்று கூப்பிட எனக்கு வாய் வளையவில்லை. கடைசிவரை 'புரொபசர்'தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவரும் மற்றவர்களும் கதைத்தது எல்லாம் இங்கிலீசில். நான் தமிழில் தருவதால் அநேகமாக எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள் மாதிரித்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான்.

பாட ஆள் தேவை

இங்கே புதிதாக ஒரு தலைவர் வந்தால் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மவோரி மக்களின் முறைப்படி வரவேற்பு நடக்கும். வந்தவர் பேசி முடித்ததும், அவருடைய ஆட்கள் அவருக்குப் பின்னால் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடவேண்டும். பாட்டில்லாத பேச்சு பாதிப் பேச்சு. புரொபசரோ ஒரு புருசனோடும் சில பெட்டிகளோடும் வந்து இறங்கியவர். ஆள் இல்லையே என்று எங்கள் ஒபிசிலிருந்து சிலரை அவர் பக்கத்துக்கு இரவல் கொடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மவோரிப் பாட்டு ஒன்றைப் பாடமாக்கினோம்.

அன்றைக்குப் புரொபசர் பேசி முடிக்க, நாங்கள் எழும்பினோம். பாட்டை எடுத்துக் கொடுக்கவேண்டியவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மண்டபம் முழுக்க எங்களைப் பார்க்கிறது, ஒரு சத்தமும் இல்லை. நான் எடுத்தேன். நான் பாடினதெல்லாம் கோயிலில் தேவாரம். அங்கே மைக் பெரிய ஆட்களுக்குத்தான் வரும், பின்னுக்கு நிற்கிறவர்கள் தொண்டையால்தான் சுவாமிக்குக் கேட்கப்பண்ணவேண்டும். அதே பழக்கத்தில் கூரைக்கு எடுத்துவிட்டேன். மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார்கள். புரொபசர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து தேத்தண்ணிக்குப் போகும்போது, வரவேற்றவர்கள் பக்கத்தில் பாடிய மவோரி அம்மா ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். "பாட்டு எங்கட, சுருதி எங்கட இல்லை. ஆனா மகள், உங்கட ஆள் தனிய வரேல்லை எண்டு வாசல் வரைக்கும் கேட்டது."

பாண்

புதிய எசமானி என்ன படித்தவர் என்று என் கணவர் சிவம் முதல் கிழமையே விசாரித்தார். அவருக்கு விமான நிலையத்தில் கார்கோ வேலை. எங்கள் வீடிருக்கிற ஏவன்டேலில் இருந்து விடியப்புறம் போய் வருகிற மனிசன், எதையும் ஒரு சொல்லில் கேட்கத்தான் விரும்புவார். "பாண்" என்றேன்.

அது காணாது என்று எனக்கும் தெரியும். விளக்கினேன். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் பாண் ரொட்டி விலை ஏறினால் சனம் தெருவுக்கு இறங்கும். பெண்கள் முன்னுக்கு நிற்பார்கள். கோதுமையை ஒளித்து வைத்து வெளியூருக்குக் கொண்டுபோகிற வியாபாரியின் வண்டியை மறிப்பார்கள். மறித்துவிட்டுக் கொள்ளையடிக்கமாட்டார்கள், அதுதான் விசேஷம். நியாயமான விலை இதுதான் என்று தாங்களே சொல்லி, அந்த விலைக்கு விற்கப்பண்ணி, காசை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். புரொபசர் வாழ்நாள் முழுக்கப் படித்தது இந்தப் பெண்களைத்தான். அவர்களைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று பாதியில் நின்றது. இங்கிலாந்தில் பீடாதிபதியாக ஆனபோது மெதுவானது, இங்கே துணைவேந்தராக வந்தபோது அடியோடு நின்றுவிட்டது.

அதனால்தான் முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ரஞ்சினி, வெள்ளிக்கிழமை காலமை எனக்கு வேணும். மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் வரக்கூடாது. இந்தப் புத்தகம் முடியேல்லை எண்டால் நான் சரித்திரக்காரி இல்லை, வெறும் கையெழுத்து வைக்கிற மெசின்." சொல்லும்போது சிரிக்கவில்லை. அந்தக் காலையை நான் காப்பாற்றித் தருவேன் என்று அன்றைக்கே மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சிவம் சோற்றைப் பிசைந்தார். "நல்ல மனிசி போல கிடக்கு. எதுக்கும் உங்கட கன்ரீன்ல விலை ஏத்தவேண்டாம் எண்டு சொல்லி வை."

இஞ்சி பிஸ்கட்

எங்கள் நிதிப் பொறுப்பாளர் கிரெய்க். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரன், நல்ல மனிசன். ஆனால் எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதன் விலைதான் அவருடைய கண்ணில் முதலில் படும். கூட்டங்களில் தேத்தண்ணியோடு கொடுக்கிற இஞ்சி பிஸ்கட்டை நிற்பாட்டலாம் என்று ஒரு யோசனையோடு வந்தார். புரொபசர் கேட்டுவிட்டு, "அது நல்ல துணிச்சலான யோசனை, கிரெய்க்" என்றார். மனிசன் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

நான் மேசைக்குக் கூப்பிட்டு இருத்தினேன். இங்கிலாந்துக்காரர் 'துணிச்சல்' என்றால் 'உனக்கென்ன விசரோ, பைத்தியமோ' என்று அர்த்தம். கிரெய்க்குக்கு அது பிடிபடாது, இங்கத்தைய ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுக்கிறவர்கள். எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவிடம் எதைக் கேட்டாலும் 'பாப்பம்' என்பார். 'பாப்பம்' என்றால் நடக்காது என்று படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். கிரெய்க் நம்பாமல் திரும்ப உள்ளே போய் நேரே கேட்டார். புரொபசரின் பதில் எனக்கு வெளியே கேட்டது. "நான் இவ்வளவு காலமும் படிச்சது ஒண்டே ஒண்டுதான், கிரெய்க். சனம் தின்னுற சாமானில கை வைக்கப்படாது."

பூசை நேரம்

என் தங்கை கனடாவில். அவள் போன் எடுத்தால் நான் கதைக்க இடமில்லை, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற 'ஓம்' சொல்லத்தான் இடமிருக்கும். ஒருநாள் மத்தியானம் அவள் தன் மாமியாரைப் பற்றிய முழு விபரமும் சொல்லிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்… ஓம்… ஓம்…" என்று இருந்தேன். கண்ணைத் திறந்தால் வாசலில் புரொபசர், கையில் கோப்பையோடு, சத்தம் போடாமல் நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ. போனைக் கீழே வைத்ததும் மெதுவாகக் கிட்ட வந்தார்.

"மன்னிக்கவேணும், பூசையைக் குழப்பிப்போட்டனோ? எனக்கு உங்கட கையெழுத்து ஒண்டுதான் வேணும், சுவாமி காத்திருக்கத் தேவையில்லை, நான் காத்திருக்கிறன்."

வெண்டிக்காய்

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தை பார்க்க ஆசை. கூட்டிக்கொண்டு போனேன். துணைவேந்தர் என்று ஒருவருக்கும் தெரியாது, துணிப்பையோடு பின்னால் வந்தார். வெண்டிக்காய்க்காரன் ஒருவன் அன்றைக்கு வாயில் வந்த விலை சொன்னான். போன கிழமை விலை எனக்குத் தெரியும். நான் வாதாடவில்லை. நல்ல பிஞ்சாய்ப் பார்த்து முறித்துப் பொறுக்கி, நியாயமான காசை அவன் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் நின்ற சமோவாக்காரப் பெண்ணும் ஒரு சீனத்து அம்மாவும் அதே காசை வைத்துவிட்டு வந்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

திரும்பிப் பார்த்தால் புரொபசர் சந்தை நடுவில் அசையாமல் நிற்கிறார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பயமாய்ப் போய்விட்டது, வெயில் பட்டுவிட்டதோ என்று. "ரஞ்சினி, இந்தப் பொம்பிளையளை நான் பழைய கோர்ட்டுக் கடதாசியளுக்குள்ள தேடித் திரிஞ்சன். இஞ்ச வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு நிக்கினம்."

வெள்ளி பிறந்த கதை

இனி விசயத்துக்கு வருவோம். துணைவேந்தரின் கலண்டரைத் துறைத் தலைவர்கள் எல்லாரும் கொம்பியூட்டரில் பார்க்கலாம். வெற்று இடம் கண்டால் விடமாட்டார்கள். முதலில் வெள்ளிக் காலையில் 'புத்தகம்' என்று போட்டேன். சும்மா இருந்து வாசிக்கிறார் என்று நினைத்து அதன் மேலேயே கூட்டம் வைத்தார்கள். 'எழுத்து வேலை' என்று மாற்றினேன். "எழுதுறது எப்பவும் எழுதலாம்தானே" என்று கிரெய்க் வந்து உட்கார்ந்தார். ஆத்திரத்தில் 'பல் வைத்தியர்' என்று போட்டேன். கொஞ்சக் காலம் ஓடியது. பிறகு ஒரு விருந்தில் எல்லாருக்கும் இறைச்சி வைத்து, பாவம் பல் வருத்தக்காரி என்று புரொபசருக்கு மட்டும் சூப் வைத்தார்கள்.

அடுத்த நாள் கோபத்தில் எல்லா வெள்ளிக்கிழமைக்கும் நேரே 'வெள்ளி' என்று இங்கிலீஸ் எழுத்தில் அடித்துவிட்டேன். ஒரு தந்திரமும் நினைக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். அந்த வெள்ளி ஒருவரும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. புரொபசர் என்ன மாயம் என்று கேட்டார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கே நின்றுபோன அத்தியாயத்தைத் திரும்பவும் எடுத்தார்.

ஒரு மாதம் பொறுத்துக் கிரெய்க் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "உந்த வெள்ளி ஆர், ரஞ்சினி? பெரிய ஆள் போல கிடக்கு." நான் பொய் சொல்லவில்லை. "கிழமைக்கு ஒருக்கா வருவார்" என்றேன். மனிசன் யோசித்தார். "அப்பிடியெண்டால் குழப்பக்கூடாது."

வெள்ளித் தட்டு

பிரகாஷ் கவுண்டர் எங்கள் கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறவர். பீஜிக்காரர். அவருடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். வீட்டில் ஹிந்தி, வெளியே இங்கிலீஸ், தமிழ் கோயிலோடும் குசினியோடும் சரி. அவர் கலண்டரைக் கேள்விப்பட்டுவிட்டு, தேத்தண்ணி அறையில் எல்லாருக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறார்: வெள்ளி என்றால் தமிழில் சில்வர், ஆகவே யூனிவர்சிற்றிக்கு ஏதோ வெள்ளிவிழா வரப்போகிறது. விழாக் குழுவில் தங்களையும் சேர்க்கச் சொல்லி எனக்கு ஈமெயில் வரத் தொடங்கிவிட்டது.

நான் பிரகாஷைப் பிடித்தேன். அவருக்கு ஒரு குற்ற உணர்வும் இல்லை, பெருமைதான். "அக்கா, அம்மா வெள்ளித் தட்டு எண்டு சொல்லுவா. எனக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான். ஆனா பாருங்கோ, கடைசியா ஒரு நாள் உதவிச்சுது."

செவ்வாய்

தமிழ் தெரிந்த ஆள் ஒருநாள் வரத்தானே செய்யும். காயத்ரி மதுரைக்காரி, எஞ்சினியரிங் விரிவுரையாளர். இவளோடு மட்டும் நான் தமிழில் கதைக்கிறேன், ஆகவே இவள் தன் ஊர்த் தமிழிலேயே வருகிறாள். மதுரையில் துணைவேந்தர் என்றால் கார், மாலை, முன்னால் ஓட ஆள். இங்கே துணைவேந்தர் கோப்பிக்கு வரிசையில் நிற்கிறதைப் பார்த்து அவள் முதல் நாள் மயங்கி விழப் பார்த்தவள்.

ஏதோ குழுவில் சேர்ந்ததால் கலண்டர் பார்க்கிற உரிமை கிடைத்ததும் நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, ஒரு சந்தேகம். வெள்ளின்னா வெள்ளிக்கிழமைதானே?" "ஓம்." "அப்போ வெள்ளிக்கிழமைக்கு நேரா வெள்ளிக்கிழமைன்னு எழுதி வெச்சிருக்கீங்க." "ஓம்." "அதைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் பயப்படுறாங்க." "ஓம், பிள்ளை." கதிரையில் விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டு இருந்தவள் சட்டென்று அழுதுவிட்டாள். பிள்ளை சின்னது, பாடம் அதிகம், கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆராய்ச்சிக் கட்டுரை அப்படியே கிடக்கிறது. எனக்கும் ஒரு வெள்ளி போட்டுத் தாங்களேன் என்றாள். வெள்ளியில் அவளுக்கு ஆய்வுகூடம். அதனால் செவ்வாய் போட்டுக் கொடுத்தேன். செவ்வாய் கலியாணத்துக்குத்தான் ஆகாது, ஆராய்ச்சிக்கு ஆகும்.

கட்டுரை அச்சான அன்று ஒரு பெட்டி லட்டோடு வந்தாள். "ஊர்ல அம்மாகிட்ட சொல்லவே இல்லக்கா. செவ்வாய் என்னை விட்டுப் போக மாட்டேங்குதுன்னா பரிகாரம் பண்ணக் கிளம்பிடுவாங்க."

உங்களுக்கு?

இந்தக் கதையைப் புரொபசருக்குச் சொன்னேன். நான் எதையாவது சொன்னால் கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்கிற ஆள் அவர். "இதையெல்லாம் எழுதுங்கோ, ரஞ்சினி" என்றார். எங்கே நேரம் என்றேன். காலையில் ரெயில், பகல் முழுக்க இந்த மேசை, பின்னேரம் சமையல். எழுத ஆசை சின்ன வயதிலிருந்தே இருந்தது என்பதையும் ஏனோ சொல்லிவிட்டேன். அதுவரை நான் சிவத்துக்குக்கூடச் சொல்லாத ஒன்று.

"ஊருக்கெல்லாம் வெள்ளியும் செவ்வாயும் குடுக்கிறீங்கள். உங்களுக்கு?"

வண்டியை மறித்த நாள்

பிறகு ஒரு கெட்ட வருசம் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் குறைந்தார்கள், வருமானம் சுருங்கியது, ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று கதை எழும்பியது. ஒருநாள் ரெயிலில் எனக்கு முன்னால் இருந்த ரெண்டு விரிவுரையாளர்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளி என்பது வெளிநாட்டுக் கொம்பனியாம். ஒவ்வொரு வெள்ளியும் வந்து, ஆரை வீட்டுக்கு அனுப்புவது என்று துணைவேந்தருக்குச் சொல்லிக் கொடுக்கிறதாம். ஓடிப்போய்ப் புரொபசரிடம் சொன்னேன். வேறு பெயர் போடுவோம், புதன் என்று போடுவோம் என்றேன்.

பெரிய மண்டபத்தில் எல்லா ஊழியர்களுக்கும் கூட்டம். பிரகாஷ் மேலதிகக் கதிரை போட்டும் சனம் நின்றது. நூலகத்தில் வேலை செய்கிற மொய்ரா என்ற பெண் எழும்பினாள். "எங்களை அனுப்புறது ஆரின்ர முடிவு? உங்கடையோ, வெள்ளியின்ரையோ?" நான் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். புரொபசர் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "வெள்ளி எண்டு ஒரு ஆள் இல்லை. அது தமிழில வெள்ளிக்கிழமை. அந்த நேரம் நான் என்ர புத்தகம் எழுதுறன்." சிலர் சிரித்தார்கள். மொய்ரா சிரிக்கவில்லை. "எங்கட வேலை போகுது, நீங்கள் இருந்து புத்தகம் எழுதுறீங்களோ?"

அந்தக் கேள்வியை அவர் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார், பாண் குறைந்ததற்காகச் சனம் தெருவுக்கு வருவதில்லை, பாணை யாரோ ஒளிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் வரும். தான் ஒளித்தது அந்த ஒரு காலை நேரத்தை. இனி அது அவர்களுக்கு. வெள்ளிக்கிழமை கதவு திறந்திருக்கும், தங்கள் வேலை என்னாகும் என்று யாரும் வந்து நேரே கேட்கலாம்.

திரும்பி நடக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை. அவருடைய பதவிக்காலம் முடிய அதிக நாள் இல்லை. கடைசி அத்தியாயம் மேசையில் கிடக்கிறது. "புத்தகம்?" என்று மட்டும் கேட்டேன். என் தோளில் கை வைத்தார். "வண்டியை மறிச்சுப் போட்டினம், ரஞ்சினி. நியாய விலைக்குத்தான் வித்திருக்கிறன்."

திறந்த கதவு

வெள்ளிக்கிழமைகளில் என் மேசைக்கு முன்னால் கதிரைகள் போட்டேன். வந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சத்தம் போட்டார்கள், ஒருவர் அவருக்கே வகுப்பு எடுத்தார். புரொபசர் எல்லாவற்றையும் கேட்டு, மிச்ச நாட்களில் கிரெய்க்கோடு மல்லுக்கட்டினார். எல்லா வேலையும் தப்பியது என்று சொன்னால் பொய். போனவர்கள் போனார்கள். ஆனால் ஒருவருக்கும் கடிதம் முந்தி வரவில்லை, அவர் முந்தி முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதிகம் பேர் தப்பினார்கள். மொய்ராவும் தப்பினாள். அந்த அத்தியாயம் மட்டும் தூசி பிடித்துக்கொண்டு இருந்தது. அதைத் துடைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அழுகை வரும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கதிரைகள் வெறுமையாக இருந்தன. அடுத்த வெள்ளியும் அப்படியே. சனத்துக்குக் கோபமோ என்று பயந்தேன். அந்தக் கிழமை மொய்ரா ஏதோ அலுவலாகப் புரொபசரைப் பார்க்க நேரம் கேட்டு வந்தாள். வெள்ளி காலை முழுக்க இடமிருக்கிறது என்றேன். என்னை ஒரு முறைப்பு முறைத்தாள். "வெள்ளியிலயோ? அது புத்தகத்தின்ர நேரம். நாங்கள் எல்லாரும் கதைச்சு முடிவெடுத்திட்டம், திங்கள்ல போடுங்கோ."

ஜூன்

அதற்குப் பிறகு அந்தக் காலையை நான் காவல் காக்கத் தேவையிருக்கவில்லை. தெரியாமல் வாசலுக்கு வந்தவர்களைக் கிரெய்க்கே நடைபாதையில் மறித்துத் திருப்பி அனுப்பினார். புரொபசர் கிளம்பவேண்டிய மாதத்துக்கு முந்திய மாதம், ஒரு வெள்ளி மத்தியானம், அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து என் மேசையில் கடைசி அத்தியாயத்தை வைத்தார். நான் எழும்பி அவரைக் கட்டிப்பிடித்தேன். துணைவேந்தரைக் கட்டிப்பிடிக்கலாமா என்று யோசிக்க நேரமில்லை. ரெண்டு பேரும் இஞ்சி பிஸ்கட் ஒரு பக்கெட் முழுக்கச் சாப்பிட்டோம்.

பிரியாவிடையிலும் அவருக்குப் பின்னால் நின்று பாடினேன். இந்தமுறை இரவல் ஆள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுருதியைக் குறைத்துத்தான் எடுத்தேன், கூட்டியிருந்தால் குரல் உடைந்திருக்கும். அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நல்ல எசமான் வாய்ப்பது நல்ல மருமகள் வாய்ப்பது மாதிரி என்பார்கள் எங்கள் ஆட்கள், எனக்கு வாய்த்தது. அதற்கு மேல் நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கள் என் சொந்தக் கலண்டரைத் திறந்தேன். மற்றவர்களின் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் என்னுடையதை நான் திறந்து பார்ப்பதே அருமை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் மூடி அடைத்திருந்தது. முடிவுத் திகதி இல்லை. போகமுதல் அவரே உட்கார்ந்து போட்டிருக்கிறார். ஓகஸ்டிலும் ஜூன், மார்கழியிலும் ஜூன். கலண்டரில் ஒரே ஒரு சொல்: ஜூன்.

புதிய துணைவேந்தர் அவுஸ்திரேலியாக்காரர், விறுவிறென்று கெதியாய் நடப்பவர், கெதியாய்க் கேட்பவர். வந்த கிழமையே வெள்ளி பின்னேரம் எனக்கு ஒரு கூட்டம் வைக்கப் பார்த்து, என் கலண்டரைக் கண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தார். ஜூன் இங்கிலாந்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்களே, ஒவ்வொரு வெள்ளியும் அவரை எங்கே சந்திக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுதல், பக்கத்தில் கணக்குக் கடதாசியோடு நின்ற கிரெய்க் நிமிராமலே சொன்னார். "கிழமைக்கு ஒருக்கா வருவா. குழப்பக்கூடாது."

இவ்வளவும் அந்தப் பின்னேரங்களில் எழுதியவை. பந்திக்கு ஆள் விடுகிறவளையும் ஒருத்தி கையைப் பிடித்து இலைக்கு முன்னால் இருத்திவிட்டுப் போனாள் என்பதுதான் என் உத்தியோகத்தின் சுருக்கம், பாயசம் வர மோட்கேஜ் முடியவேண்டும்.